ஆர்மோனியப் பெட்டி எங்கே உடைந்தது?

புது ஆர்மோனியம், புது வீணை, புது மிருதங்கம் வாங்க எல்லோராலும் முடியாது. அதனால் பலரும் பழைய வாத்தியத்தை வாங்குகிறார்கள். வாங்குவது நல்லதுதான். ஆனால் வாத்தியம் வெளியூர் போகும்போது சில சமயம் தகராறு வருகிறது. "நான் நல்லபடி அனுப்பினேன்" என்கிறார் விற்றவர். "உடைந்துதான் வந்தது" என்கிறார் வாங்கியவர். "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்கிறார் லாரி பார்சல் ஆபீஸ்காரர்.

இப்படி ஒரு தகராறு இந்தப் பாடத்தில் கதையாக வருகிறது. கதையில் வருபவர்கள் கற்பனை மனிதர்கள். அதில் வரும் ரூபாய்க் கணக்கும் கற்பனைதான். சட்ட விவரங்கள் மட்டும் உண்மையானவை.

1. மாரியம்மா பெட்டியை விற்றார்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. தங்கச் சுரங்க வேலைக்காக வந்து குடியேறியவர்கள் அவர்கள். மாரியம்மாவின் கணவரும் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. பிறகு அவர் தினமும் ரயிலில் பெங்களூர் போய் வேலை செய்தார். சனிக்கிழமை இரவு பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பார்.

அவர் இறந்து இரண்டு ஆண்டு ஆயிற்று. ஆர்மோனியப் பெட்டி பரண்மேல் கிடந்தது. வீட்டுக் கூரை ஒழுகியது. பெட்டியை விற்றுக் கூரையைச் சரிசெய்ய மாரியம்மா முடிவு செய்தார்.

அதே தெருவில் இருந்த ஒருவர் இப்போது மும்பையில் இருக்கிறார். அவர் மூலம் ஒரு சேதி வந்தது. தாராவியில் உள்ள ஒரு தமிழ் பஜனைக் குழுவுக்கு ஆர்மோனியம் தேவை. குழுவின் செயலாளர் முருகேசன் போனில் பேசினார்.

"பெட்டி நல்லா இருக்கா அம்மா?"

"நல்லா இருக்கு தம்பி. அவர் கடைசி வரைக்கும் வாசிச்சது."

விலை 9,000 ரூபாய் என்று பேசினார்கள். முன்பணம் 5,000. பெட்டி வந்து சேர்ந்த பிறகு மீதி 4,000. பேச்சு அத்தோடு முடிந்தது. பெட்டியை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

மாரியம்மா பழைய புடவையைச் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டினார். லாரி பார்சல் ஆபீசில் கொடுத்தார். கூலி 400 ரூபாய்.

"சரக்கு மதிப்பு எவ்வளவு போடணும்?" என்று எழுத்தர் கேட்டார்.

"பழைய பெட்டிதானே. ஒண்ணும் போட வேணாங்க" என்றார் மாரியம்மா. ரசீதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

2. முருகேசன் பெட்டியைப் பெற்றார்

ஜூலை மாதம். மும்பையில் நல்ல மழை. ஆறாம் நாள் பெட்டி வந்து சேர்ந்தது. குழுவின் இளைஞர்கள் இருவர் கிடங்குக்குப் போனார்கள். அட்டைப் பெட்டியின் ஒரு மூலை நசுங்கி இருந்தது. அடிப்பக்கம் நனைந்தும் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

"இங்கே கையெழுத்துப் போடு" என்றார் கிடங்குக்காரர். ஒருவர் போட்டார். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி அச்சாகி இருந்தது. அதை அவர் படிக்கவில்லை. "சரக்கை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்பதே அந்த வரி.

நான்கு நாள் கழித்து, சனிக்கிழமை பஜனைக்காகப் பெட்டியைத் திறந்தார்கள். மேலே இருந்த கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. பக்கப் பலகையில் விரிசல். துருத்தியை அழுத்தினால் காற்று வெளியே போனது. நான்கு கட்டைகள் அழுத்தினால் மேலே எழவில்லை.

முருகேசனுக்குக் கோபம் வந்தது. அப்போதே போன் செய்தார்.

"உடைஞ்ச பெட்டியை எங்க தலையில கட்டிட்டீங்களே அம்மா! மீதிப் பணம் தரமாட்டோம். கொடுத்த பணத்தையும் திருப்பி அனுப்புங்க."

மாரியம்மாவுக்குக் கை நடுங்கியது. "செத்துப்போன மனுசன் பெட்டியை வச்சு உங்களை ஏமாத்துவேனா தம்பி?" என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை.

அந்த 5,000 ரூபாயைக் கூரைக்கு ஓடு வாங்கச் செலவு செய்தாயிற்று. திருப்பிக் கொடுக்க அவரிடம் பணம் இல்லை. பணத்தைவிட, ஏமாற்றுக்காரி என்ற பேர் வந்ததே அவருக்குப் பெரிய வருத்தம்.

3. பழுது மூன்று வகை

மறுநாள் முருகேசன் பெட்டியை ஒரு பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனார். அவர் வயதானவர். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்.

ஆர்மோனியம் காற்றால் இயங்கும் வாத்தியம். வாசிப்பவர் ஒரு கையால் பின்னால் உள்ள துருத்தியை அழுத்துவார். காற்று பெட்டிக்குள் போகும். மறு கையால் கட்டையை அழுத்துவார். கட்டையின் கீழ் ஒரு துளை திறக்கும். அந்த வழியே வெளியே வரும் காற்று ஒரு பித்தளை நாக்கை அதிரச் செய்யும். இந்த நாக்கை 'ரீடு' என்பார்கள். அது அதிர்வதால் சுரம் பிறக்கிறது. எங்காவது காற்று கசிந்தால் சுரம் மெலியும்.

பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

முதலில் துருத்தி. அதன் மடிப்பில் ஒரு துணி ஒட்டு இருந்தது. பசை பழுத்து மஞ்சளாகி இருந்தது. ஓரம் பெயர்ந்து அதில் தூசி படிந்திருந்தது. "இது பழைய பழுது. வழியில் வந்தது இல்லை" என்றார்.

அடுத்தது கண்ணாடியும் பலகை விரிசலும். விரிசலின் உள்பக்கம் மரம் வெளிறிச் சுத்தமாக இருந்தது. அதில் தூசி இல்லை. அழுக்கு இல்லை. அட்டைப் பெட்டி நசுங்கிய மூலையும் விரிசல் இருந்த இடமும் ஒன்றாகப் பொருந்தின. "இது புதுசு. வழியில் விழுந்திருக்கும், அல்லது மேலே பாரம் ஏற்றியிருப்பார்கள்" என்றார்.

கடைசியில் எழாத கட்டைகள். "இது உடையவே இல்லை. ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது" என்றார். கோலார் கடலுக்குத் தூரத்தில் உள்ள மேட்டு நிலம். மும்பை கடற்கரை ஊர். மழைக் காலத்தில் காற்றில் ஈரம் மிகுதி. மரம் ஈரத்தை உறிஞ்சினால் பருக்கும். பருத்த கட்டை பக்கத்துக் கட்டையில் உரசி நிற்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். வெயிலில் வைக்கக் கூடாது. அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. வேகமாகக் காய்ந்தால் மரம் வெடிக்கும்.

ஆக, ஒரே பெட்டியில் மூன்று வகைப் பழுது இருந்தது.

பழைய பழுது: விற்கும் முன்பே இருந்தது.
வழிப் பழுது: அனுப்பும்போது வந்தது.
பருவப் பழுது: ஈரத்தாலோ வெயிலாலோ வந்தது. இதில் யார்மேலும் குற்றம் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே பழுதாக நினைத்ததால்தான் சண்டை வந்தது.

4. கணக்குத் தீர்ந்தது

முருகேசன் மீண்டும் போன் செய்தார். இந்த முறை நிதானமாகப் பேசினார். துருத்தியின் ஒட்டைப் பற்றிக் கேட்டார்.

"ஆமா தம்பி. அவர்தான் ஒட்டினார். எனக்கு ஞாபகமே வரலை. நான் சொல்லியிருக்கணும்."

"எங்க மேலேயும் தப்பு இருக்கு அம்மா. மூலை நசுங்கினதைப் பார்த்தும் பசங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க. நானும் உங்களைப் பேசக் கூடாத பேச்சுப் பேசிட்டேன்."

பழுது பார்க்கும் செலவு இது:

துருத்தி: 800 ரூபாய்
கண்ணாடி: 300 ரூபாய்
பலகை: 500 ரூபாய்
மொத்தம்: 1,600 ரூபாய்

துருத்தி பழைய பழுது. அந்த 800 மாரியம்மாவின் பொறுப்பு. கண்ணாடியும் பலகையும் வழிப் பழுது. மாரியம்மா சரியாகக் கட்டவில்லை. குழுவினர் பார்த்து வாங்கவில்லை. ஆகவே அந்த 800-ஐ ஆளுக்குப் பாதி ஏற்பது என்று பேசினார்கள். லாரி ஆபீசில் ஏதாவது கிடைத்தால் அதிலும் ஆளுக்குப் பாதி.

முருகேசன் இதைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். மாரியம்மா எழுத்துக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்ட வந்தாள். "நானே படிக்கிறேன்" என்றார் மாரியம்மா. எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். கடைசி வரியில் "அம்மாவுக்கு மீதி 2,600 ரூபாய்" என்று இருந்தது. அவர் விரல் விட்டு எண்ணினார். 800-உம் 400-உம் 1,200. 4,000-இல் 1,200 போனால் 2,800.

"தம்பி, கூட்டல்ல 200 ரூபாய் குறையுதே?"

முருகேசன் மறுபடி கூட்டிப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க அம்மா. நீங்க சொல்றதுதான் சரி." தாளைத் திருத்தி எழுதினார். 2,800 ரூபாய் வந்து சேர்ந்தது.

லாரி ஆபீசுக்குக் கடிதம் எழுதினார்கள். "நல்ல நிலையில் பெற்றதாகக் கையெழுத்து இருக்கிறதே" என்று பதில் வந்தது. மூன்று முறை எழுதிய பிறகு 300 ரூபாய் கொடுத்தார்கள். ஆளுக்கு 150. படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தால் மீதி 500 ரூபாய் போயிற்று.

5. சட்டம் என்ன சொல்கிறது?

விற்பவருக்கும் வாங்குபவருக்கும்: 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் உண்டு. இருவரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்வதைச் சட்டம் ஏற்கிறது. அப்படிப் பேசாவிட்டால், வாங்குபவருக்காக லாரியில் ஒப்படைப்பது பொதுவாக அவரிடமே ஒப்படைப்பது போல. அதன் பிறகு வரும் வழிச் சேதம் வாங்குபவர் தலையில் விழக்கூடும். ஆனால் விற்பவரும் பொருளுக்குத் தக்க ஏற்பாட்டோடு ஒப்படைக்க வேண்டும். பழுதை வேண்டுமென்றே மறைத்து விற்பது ஏமாற்று. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஏமாந்தவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

லாரி பார்சலுக்கு: 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் உண்டு. கூடுதல் மதிப்பைச் சொல்லி அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், நிறுவனத்தின் பொறுப்பு கூலியைப் போலப் பத்து மடங்கு வரைதான். மாரியம்மா கட்டிய கூலி 400. பத்து மடங்கு 4,000. 9,000 ரூபாய் பெட்டி முழுதும் நொறுங்கி இருந்தாலும் 4,000-க்குமேல் கேட்க முடியாது. "மதிப்பு எவ்வளவு?" என்ற கேள்விக்கு இவ்வளவு பொருள் இருக்கிறது. சேதம் ஆனால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்குப் போட முடியாது.

ரயில் பார்சலுக்கு: 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் உண்டு. கட்டு சேதமாகி வந்தால், திறந்து பார்த்துப் பெற வேண்டும் என்று கேட்கலாம். அதற்குச் சட்டத்தில் உரிமை உண்டு. நஷ்ட ஈடு கேட்கும் நோட்டீசை, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நுகர்வோருக்கு: சொந்த உபயோகத்துக்கு அனுப்பிய பொருளை பார்சல் நிறுவனம் கவனக் குறைவால் கெடுத்தால் அது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். புகார் செய்பவர் தம் சொந்த மாவட்டத்திலேயே செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பழைய வாத்தியம் விற்கும் கடைக்காரர் மேலும் இங்கே புகார் செய்யலாம். ஆனால் மாரியம்மாவைப் போல வீட்டுப் பொருளை ஒரு முறை விற்பவர் வியாபாரி அல்ல. அந்தத் தகராறு இந்த ஆணையத்துக்குப் போகாது.

உதவிக்கு இரண்டு எண்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவச சட்ட உதவி எண் 15100.

6. தகராறு வராமல் இருக்க

விற்கும் முன்பு:

• பழுதுகளை எல்லாம் சொல்ல வேண்டும். பழைய ஒட்டு, கீறல், மாற்றிய ரீடு எதையும் விடக் கூடாது. சொன்ன பழுது சண்டையாக மாறாது.
• கட்டை எதையும் தொடாமல் துருத்தியை அழுத்திப் பார்க்க வேண்டும். "உஸ்" என்று சத்தம் வந்தால் காற்று கசிகிறது. பிறகு ஒவ்வொரு கட்டையாக வாசிக்க வேண்டும். இதைப் போனில் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பலாம்.
• வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்று முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

கட்டும்போது:

• துருத்தியை மூடிக் கொக்கி போட வேண்டும். கண்ணாடிமேல் கனத்த அட்டை வைக்க வேண்டும்.
• நனையாமல் பிளாஸ்டிக் தாள் சுற்ற வேண்டும். எல்லாப் பக்கமும் பஞ்சு அல்லது ஸ்பாஞ்சு வைக்க வேண்டும். ஆட்டினால் உள்ளே அசையக் கூடாது.
• மரச் சட்டப் பெட்டி நல்லது. இல்லாவிட்டால் ஒரு அட்டைப் பெட்டிக்குள் இன்னொன்று.
• வீணை, தம்புரா என்றால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். குடத்தைச் சுற்றி மெத்தை போல வைக்க வேண்டும்.
• "உடையும் பொருள்" என்று பெரிதாக எழுத வேண்டும். போய்ச் சேரும் ஊரின் மொழியிலும் எழுதுவது நல்லது.

பெறும்போது:

• கையெழுத்துக்கு முன் மேலே உள்ள வரியைப் படிக்க வேண்டும். மொழி தெரியாவிட்டால் படித்துச் சொல்லக் கேட்க வேண்டும்.
• கட்டு நசுங்கி இருந்தால் அங்கேயே படம் எடுக்க வேண்டும். கையெழுத்தோடு சேர்த்து இப்படி எழுத வேண்டும்: "ஒரு மூலை நசுங்கி, அடிப்பக்கம் நனைந்து உள்ளது. திறந்து பார்க்கவில்லை."
• அன்றைக்கே திறந்து பார்க்க வேண்டும். திறப்பதையும் படம் எடுக்க வேண்டும். அட்டையையும் கயிற்றையும் தூக்கி எறியக் கூடாது.

7. மாதிரிக் கடிதம்

பெறுநர்: மேலாளர், (பார்சல் நிறுவனத்தின் பெயர், ஊர்)

ஐயா,

(தேதி) அன்று (ஊர்)-இலிருந்து (ஊர்)-க்கு ஒரு ஆர்மோனியப் பெட்டி அனுப்பினேன். ரசீது எண் ______. பெட்டி (தேதி) அன்று சேதமாகி வந்தது. கண்ணாடி உடைந்துள்ளது. பக்கப் பலகையில் விரிசல் உள்ளது. பழுது பார்க்கும் செலவு ______ ரூபாய். அந்தத் தொகையை நஷ்ட ஈடாகத் தரக் கேட்டுக்கொள்கிறேன். ரசீது நகலும் படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து, முகவரி, தேதி)

இதை விரைவுத் தபாலில் அனுப்ப வேண்டும். ஒரு நகலும் தபால் ரசீதும் கையில் இருக்க வேண்டும்.

8. பேசிப் பார்ப்போம்

1. துருத்தி, கண்ணாடி, கட்டை – மூன்றில் எது எந்த வகைப் பழுது? எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
2. பார்சல் கூலி 250 ரூபாய். கூடுதல் கட்டணம் எதுவும் கட்டவில்லை. வாத்தியத்தின் விலை 6,000. முழுதும் உடைந்தால் நிறுவனத்திடம் எவ்வளவு வரை கேட்கலாம்?
3. மாரியம்மா தாளைத் தானே படிக்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்?
4. உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு ரசீதை எடுங்கள். அதில் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது? படித்து வகுப்பில் சொல்லுங்கள்.

கதையின் முடிவு

பத்து நாளில் கட்டைகள் எழுந்தன. பெரியவர் துருத்திக்குப் புது ஒட்டுப் போட்டார். விநாயகர் சதுர்த்தி அன்று தாராவியில் பஜனை நடந்தது. முருகேசன் போன் செய்து, போனைப் பெட்டி அருகில் வைத்தார். தங்கவயலில் மாரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"சுரம் சரியா இருக்கா அம்மா?"

"இருக்கு தம்பி. அவர் வாசிச்ச மாதிரியே இருக்கு."